ஓரத்தில் எழுதிய இரண்டு வரிகள்



சென்ற ஆண்டு ஆடித் திங்களில் ஒரு நாள் பிற்பகல், நம் பங்கு இல்லத்துத் திண்ணையில் ஓர் அம்மையார் வந்து அமர்ந்தார். அகவை அறுபதைக் கடந்தவர். கையில் ஒரு துணிப்பை; பைக்குள் ஒரு பிளாஸ்டிக் உறை; உறைக்குள் அவர் வாழ்க்கையின் தாள்கள் எல்லாம். அவர் கணவர் ஓர் ஆலையில் நெடுங்காலம் உழைத்து ஓய்வு பெற்று, அவ்வாண்டுத் தவக்காலத்தில் இறைவனடி சேர்ந்தவர். கைம்பெண்ணுக்குரிய ஓய்வூதியம் கேட்டு விண்ணப்பித்தபோது, மணம் நடந்ததற்குச் சான்று கொண்டு வருமாறு அலுவலகத்தார் கூறிவிட்டனர். அவர்கள் கேட்டதிலும் காரணம் இருந்தது. வேலையில் சேர்ந்தபோது மணமாகாதிருந்த கணவர், வாரிசு என்னும் இடத்தில் தம் தாயின் பெயரை எழுதியிருந்தார். பிறகு அதை மாற்றவே இல்லை. போதாக்குறைக்கு, அம்மையாருக்கு ஞானஸ்நானப் பெயர் ஒன்று, வீட்டில் வழங்கும் பெயர் ஒன்று, குடும்ப அட்டையில் உள்ள பெயர் மற்றொன்று!

திருமணம் நம் ஆலயத்தில் 1979ஆம் ஆண்டு நடந்தது என்றார். சுவரலமாரியைத் திறந்து அவ்வாண்டுப் பதிவேட்டை எடுத்தோம். அட்டை அழகாக இருந்தது. உள்ளே விரித்தால், நடுவில் ஒரு பிடியளவு தாள்களைக் கரையான் தின்று மண்ணாக்கியிருந்தது. 1978இன் பிற்பகுதி முதல் 1980இன் தொடக்கம் வரை நடந்த திருமணங்கள் அனைத்தும் அந்த மண்ணுக்குள் போயிருந்தன. அலமாரியின் பின்சுவரில் ஈரம் இருந்ததை நாம் அதுவரை கண்டதே இல்லை. அந்த அலமாரியைத் துடைத்துத் தூசி போக்கிய நாள்கூட நம் நினைவில் இல்லை.

அம்மையார் அழவில்லை. நம் முகத்தை நேரே பார்த்துக் கேட்டார்: “சாமி, எங்க கலியாணம் இந்தக் கோயில்லதான் நடந்துச்சு. ஊரே பார்த்துச்சு. புத்தகத்துல இல்லைன்னா, நடக்கலைன்னு ஆயிடுமா?”

இதற்கு நாம் என்ன விடை சொல்வோம்? இறைவன் திருமுன் அவர் மனைவியே. ஊரார் கண்ணிலும் மனைவியே. ஆனால் ஊர் பார்த்தவர்களில் பெரும்பாலோர் இன்று கல்லறையில் உறங்குகின்றனர். அவரை மணமுடித்து வைத்த குருவும் மறைந்துவிட்டார். மனிதர் நினைவு மனிதரோடு போய்விடும் என்பதனாலன்றோ புத்தகம் ஏற்பட்டது!

“ஞானஸ்நானம் எங்கே பெற்றீர்கள், அம்மா?” என்று கேட்டோம். “தாய்வீட்டுப் பங்கிலே, சாமி” என்றார். மறுநாளே அப்பங்குத் தந்தைக்குச் செய்தி அனுப்பினோம். மாலையில் விடை வந்தது. அம்மையாரின் ஞானஸ்நானப் பதிவுக்கு அருகே, ஓரப் பகுதியில், மங்கிய நீல மையில் இரண்டு வரிகள்: இன்ன நாளில், இன்ன ஆலயத்தில், இன்னாரை மணந்தார் என்ற குறிப்பு. 1979இல் நம் பங்கில் இருந்த குரு கடமை தவறாமல் மணச் செய்தியை அப்பங்குக்கு எழுதி அனுப்பியிருக்கிறார். அங்கிருந்த குருவும் கடமை தவறாமல் அதை ஓரத்தில் குறித்து வைத்திருக்கிறார். ஒரு புத்தகத்தைக் கரையான் தின்றது. மற்றொரு புத்தகம் சாட்சி சொன்னது. அச்சான்றின் நகலோடு உறவினர் வாக்குமூலங்களும் சேரவே, சில திங்களில் அம்மையாருக்கு வழி பிறந்தது.

கதை இங்கே முடிந்திருந்தால் இம்மாதம் இதை எழுதியிருக்க மாட்டோம். அன்றிரவு உறக்கம் வரவில்லை. ஐயம் ஒன்று எழ, நம் மேசையின் இழுப்பறையைத் திறந்தோம். மின்கட்டணச் சீட்டுகளுக்கும் அழைப்பிதழ்களுக்கும் இடையே, பிற பங்குகளிலிருந்து நமக்கு வந்திருந்த மணச் செய்திகள் ஏழு கிடந்தன. நம் பங்கில் ஞானஸ்நானம் பெற்று வேறிடத்தில் மணமுடித்த ஏழு பிள்ளைகளின் செய்திகள் அவை. ‘நாளை எழுதலாம்’ என்று போட்டவை. அவற்றில் ஒன்று இரண்டாண்டுப் பழையது. நம் அம்மையாரைக் காப்பாற்றிய அந்த இரண்டு வரிகளை, வேறு ஏழு குடும்பங்களுக்கு நாம் எழுதாமல் விட்டிருந்தோம். விளக்கேற்றி வைத்துக்கொண்டு அன்றிரவே ஏழையும் எழுதி முடித்தோம். ஆனால் நம் மேசை இழுப்பறை மட்டுந்தானா இப்படி என்னும் கேள்வி எழுதி முடித்த பின்பும் நம்மை விடவில்லை.

திருச்சபை இப்பணியை நேற்றுத் தொடங்கவில்லை. பங்குக் குரு திருமணப் புத்தகம் ஒன்று வைத்து, மணமக்கள் பெயரையும் சாட்சிகள் பெயரையும் நாளையும் இடத்தையும் எழுத வேண்டும் என்று திரெந்துப் பொதுச்சங்கம் 1563இல் கட்டளையிட்டது. மறைவில் மணந்து பின்னர்க் கைவிடப்பட்ட பெண்களின் துயரம் அக்கட்டளைக்குப் பின்னணி. 1614இல் வெளிவந்த உரோமைச் சடங்கு நூல், ஞானஸ்நானம், உறுதிபூசுதல், திருமணம், பங்கு மக்களின் நிலை, இறப்பு என ஐந்து புத்தகங்களை வகுத்தது. மணச் செய்தியை ஞானஸ்நானப் பதிவின் ஓரத்திலும் குறிக்கும் கடமை 1907ஆம் ஆண்டு ஆணையால் உலகெங்கும் விதிக்கப்பட்டது. 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 535ஆம் சட்டம் இவை அனைத்தையும் மீண்டும் உறுதி செய்கிறது. ஒவ்வொரு பங்கிலும் ஆவணக் காப்பிடம் இருக்க வேண்டும். பழைய பதிவேடுகளைக் கவனமாகப் பாதுகாக்க வேண்டும். ஆயரோ அவர் அனுப்பியவரோ விசாரணைக்கு வரும்போது அவற்றைப் பார்வையிட வேண்டும் என்பது அதன் சாரம். ஆகவே சட்டத்தில் குறைவில்லை. குறை நம் இழுப்பறையில்தான் உள்ளது.

நம் தமிழ் மண்ணும் இதில் பின்தங்கியதன்று. புதுக்கோட்டைச் சீமையில் குடுமியான்மலைக்கோ நார்த்தாமலைக்கோ சென்று பாருங்கள். கொடையும் வரியும் நிலமும் கல்லிலே பேசுகின்றன. சோழர் ஆட்சியில் வரிப்பொத்தகம் வைத்திருப்பதற்கென்றே அலுவலர் இருந்தனர். கொள்ளிடக் கரையிலுள்ள திருமழபாடிக் கோயிலில் நடந்த செயல் ஒன்று நம் நெஞ்சைத் தொடுகிறது. அக்கோயிலின் விமானத்தைப் பிரித்துப் புதிதாய்க் கட்ட இராசராசன் தம் 28ஆம் ஆட்சியாண்டில் ஆணையிட்டபோது, சுவரிலிருந்த பழைய கல்வெட்டுகளை முதலில் புத்தகத்தில் படி எடுத்துக்கொள்ளச் செய்தார். இராசேந்திரனின் 14ஆம் ஆட்சியாண்டில் அவை புதுச் சுவரில் மீண்டும் வெட்டப்பெற்றன. இடிக்குமுன் படி எடுக்க வேண்டும் என்ற அறிவு ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் இருந்தது. இன்று நாம் பழைய ஆலயத்தை இடித்துப் புதியது எழுப்புகையில், அடிக்கல்லையும் கல்லறைப் பலகையையும் படி எடுக்கிறோமா? வண்டியில் ஏற்றிக் குளத்தங்கரையில் கொட்டிவிடுகிறோமா? ஒவ்வொரு பங்கும் தன் மனச்சான்றைக் கேட்டுக்கொள்ளட்டும்.

படி எடுப்பதிலும் கவனம் வேண்டும். நம் மாவட்டத்து ஆவூர், மதுரை மறைப்பணியின் பழம்பெருந்தலம். அங்குள்ள பழைய ஆலயம் 1547இல் வெனான்சியுஸ் புஷே அடிகளாரால் கட்டப்பட்டது என்று சில குறிப்புகளில் காண்கிறோம். புஷே அடிகளார் பிறந்ததோ 1655இல். தெ நொபிலி மதுரைக்கு வந்ததே 1606இல்தான். கட்டியவர் பிறப்பதற்கு நூறாண்டுக்கு முன்பே கோயில் எப்படி எழும்? எங்கோ ஒருவர் பார்த்தெழுதியபோது இலக்கம் பிழைபட்டது. பின்வந்தோர் மூலத்தைப் பாராமல் அப்படியே எடுத்தெழுதினர் போலும். இப்பிழையை நாம் அறிய முடிவதும் மற்றொரு பதிவினால்தான். அக்காலக் குருக்கள் ஆண்டுதோறும் தம் பணியை மடலாக எழுதிக் கடல் கடந்து அனுப்பினர். புஷே அடிகளாரின் மடல்கள் பதினெட்டாம் நூற்றாண்டிலேயே பாரிசில் அச்சேறின. இங்கே ஓலை அழிந்தாலும், அங்கே ஏடு இருந்தது.

பதிவு இல்லாமற் போனால் விளையும் துன்பம் வரலாற்றுப் பிழையோடு நிற்பதன்று. புதுக்கோட்டை, திருச்சி, இராமநாதபுரம் பகுதிகளிலிருந்து இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குச் சென்றவர்களின் வழித்தோன்றல்களை எண்ணிப் பாருங்கள். 1948ஆம் ஆண்டு இலங்கைக் குடியுரிமைச் சட்டம், தந்தை அங்கே பிறந்தார் என்றோ பாட்டனாரும் முப்பாட்டனாரும் அங்கே பிறந்தனர் என்றோ நிறுவச் சொன்னது. தோட்டத்து லயன் அறைகளில் பிறந்தவர்களில் எத்தனை பேருக்குப் பிறப்புச் சீட்டு இருந்தது? பல இலட்சம் பேர் ஒரே நாளில் நாடற்றவராயினர். சட்டத்தின் கொடுமை ஒருபுறம். கையில் தாள் இல்லாத ஏழ்மை மறுபுறம். 1964ஆம் ஆண்டு சிறிமாவோ–சாஸ்திரி உடன்படிக்கைப்படி இந்தியா ஏற்க ஒப்பியவர் தொகை 5,25,000. அங்ஙனம் திரும்பியோரில் சிலர் பாட்டனாரின் ஊர்க்கோயில் பதிவேட்டைத் தேடி வந்த காலத்தை நம் முதிய குருக்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். செல்வனுக்குப் பத்திரமும் வழக்கறிஞரும் உண்டு. ஏழைக்கு நம் அலமாரிதான் உண்டு.

எனவே, பங்குகளும் பள்ளிகளும் இல்லங்களும் சபைகளும் கைக்கொள்ளத்தக்க சிலவற்றைக் கூறுவோம். இவை யாவும் நம் பிழையிலிருந்து நாம் கற்றவை.

முதலாவது, அன்றன்றே எழுதுதல். ஞானஸ்நானம் முடிந்து, அழுத குழந்தை உறங்குமுன் பதிவு முடிந்திருக்க வேண்டும். துண்டுத்தாளில் குறித்துக்கொள்வது பதிவாகாது. அது மறதிக்கு நாம் கொடுக்கும் முன்பணம். பெயரை எழுதுகையில் வீட்டுப் பெயரையும் தந்தை பெயரையும் ஊரையும் சேர்த்து எழுதுக. நம் ஊர்களில் ஒரே தெருவில் நான்கு அந்தோணிசாமிகள் உளர் அல்லவா?

இரண்டாவது, இடமும் பொறுப்பும். பதிவேடுகள் ஒரே பீரோவில், சுவரை ஒட்டாமல், தரையினின்று உயர்த்தி வைக்கப்பட வேண்டும். திறவுகோல் யாரிடம் உள்ளது என்பது தெளிவாயிருக்க வேண்டும். யாரேனும் ஒரு புத்தகத்தை வெளியே எடுத்தால், எடுத்தவர் பெயரும் நாளும் ஒரு குறிப்பேட்டில் ஏற வேண்டும். மாதம் ஒருமுறை திறந்து காற்றாட விடுவதும் அவசியம். வசம்பும் வேப்பிலையும் நம் முன்னோர் ஏட்டுக்கு இட்ட காவல். ஆயினும் அவற்றைவிடச் சிறந்த காவல், அடிக்கடி திறந்து பார்க்கும் கண்ணே.

மூன்றாவது, பெயர் அட்டவணை. புத்தகம் இருந்தும் தேடிக் கிடைக்கவில்லை என்றால் இல்லாததற்கே ஒப்பாகும். புத்தகம்தோறும் அகரவரிசை அட்டவணை ஒன்று வேண்டும். நம் பங்கில் மேனிலைப்பள்ளி மாணவியர் நால்வர், உபதேசியார் மேற்பார்வையில், கோடை விடுமுறையில் அறுபது ஆண்டுகளுக்கு அட்டவணை எழுதி முடித்தனர். அவர்களிடம் ஒன்றை மட்டும் வற்புறுத்தினோம்: பதிவேட்டில் பிறர் வாழ்வின் மறைவான செய்திகளும் இருக்கும், கண்டதை வெளியே பேசலாகாது.

நான்காவது, எதை வைப்பது, எதைக் கழிப்பது என்று வகுத்தல். எல்லாத் தாளையும் சேர்ப்பவர் எதையும் காப்பாற்றுவதில்லை; மூட்டைக்குள் முத்தும் குப்பையும் ஒன்றாகிவிடும். அரசு அலுவலகங்களில் நெடுங்காலமாக நல்ல முறை ஒன்று உண்டு. வந்த தபால் ஒவ்வொன்றும் எண் பெறும். அதை நடத்தும் எழுத்தர் தம் தன்பதிவேட்டில் அதன் போக்கைக் குறிப்பார். முடிந்த கோப்பு, ஓராண்டு, மூன்றாண்டு, பத்தாண்டு, நிரந்தரம் என வகை பெற்றுப் பதிவறைக்குச் செல்லும். காலம் முடிந்தவை கழிக்கப்படும். நாமும் அவ்வாறே செய்யலாம். அருட்சாதனப் பதிவேடுகள், நிலப் பத்திரங்கள், ஆயரின் ஆணைகள், பங்குப்பேரவைத் தீர்மானங்கள் ஆகியன என்றென்றும் காக்கப்பட வேண்டியவை. கணக்கின் பற்றுச்சீட்டுகளைத் தணிக்கையும் சட்டமும் கோரும் காலம் வரை வைத்தால் போதும். திருவிழா அழைப்பிதழில் ஆண்டுக்கு ஒன்று போதுமே! கழிக்கும்போதும் பட்டியல் எழுதி, இருவர் கையொப்பமிட்டுக் கழிக்க வேண்டும்.

ஐந்தாவது, இரண்டாம் பிரதி. 2018 நவம்பர் 16ஆம் நாள் கஜாப் புயல் நம் மாவட்டத்தைப் புரட்டிப்போட்டபோது, கூரையோடு தாள்களையும் இழந்தவர்களைக் கண்டோம். எல்லாம் ஒரே கூரையின்கீழ் இருந்தால், ஒரே காற்றில் போய்விடும். இப்போது ஒவ்வொரு பக்கத்தையும் படம் எடுத்துக் கணினியில் சேர்க்கும் வசதி உண்டு. நன்று. ஆனால் இளைஞர் ஒருவரின் கைப்பேசியில் கிடக்கும் படம் ஆவணமாகாது. கைப்பேசி மாறும், இளைஞரும் வேலைக்கென்று வெளியூர் போவார். புத்தக எண், ஆண்டு, பக்கம் ஆகியவற்றைப் பெயராக இட்டு, ஒரு பிரதியைப் பங்கிலும் மற்றொன்றை ஆயர் இல்லத்திலும் வைக்க வேண்டும். மூலப் புத்தகத்தைப் படம் ஒருபோதும் ஓய்வு கொள்ள விடாது; கையொப்பம் அங்கேதான் உள்ளது.

ஆறாவது, ஒப்படைப்பு. குருக்களாகிய நாம் மாற்றலாகிச் செல்பவர்கள். பிரிவுபசாரத்திற்கு மாலையும் பொன்னாடையும் ஆயத்தமாகின்றன. பதிவேடுகளின் பட்டியல் ஆயத்தமாவதில்லை. செல்பவரும் வருபவரும் ஒன்றாக அமர்ந்து, இத்தனை புத்தகங்கள், இந்த ஆண்டு முதல் இந்த ஆண்டு வரை, இவை குறைவு என்று எழுதிக் கையொப்பமிட அரைநாள் போதும். பழுதை மறைக்காமல் எழுதுவதும் நேர்மையே. நமக்கு முன்னிருந்தவரைக் குறைகூற நமக்கு வாயில்லை; நமக்குப் பின் வருபவர் நம்மைக் குறைகூறாதிருக்கட்டும்.

குடும்பத் தலைவர்களுக்கும் தலைவியர்க்கும் ஒரு சொல். உங்கள் வீடும் ஒரு சிறு நிறுவனமே. பிறப்பையும் இறப்பையும் 21 நாள்களுக்குள் அரசுப் பதிவாளரிடம் பதியச் செய்யுங்கள். 2023 அக்டோபர் 1 முதல் பிறந்த குழந்தைகளுக்குப் பள்ளியில் சேர்வதற்கும் பிறவற்றிற்கும் பிறந்த நாளை மெய்ப்பிப்பது அரசின் பிறப்புச் சான்றே. ஞானஸ்நானச் சீட்டு அதற்கு ஈடாகாது. கோயிலில் எழுதும் பெயரும் அரசுப் பதிவில் எழுதும் பெயரும் ஓரெழுத்தும் மாறாதிருக்கப் பாருங்கள். வைப்புநிதியிலும் வங்கியிலும் வாரிசுப் பெயரை மணமானவுடன் மாற்றுங்கள். இது சாவை நினைக்கும் அபசகுனமன்று; மனைவிக்குக் கணவன் செய்யும் மரியாதை. எல்லாத் தாள்களும் எங்கே இருக்கின்றன என்பது வீட்டில் ஒருவருக்கு மட்டும் தெரிந்திருந்தால் போதாது.

இறைவாக்கினர் எரேமியா ஒரு நிலம் வாங்கிய செய்தியை நீங்கள் அறிவீர்கள். எருசலேம் முற்றுகையிடப்பட்டிருந்தது. அவரோ காவலில் இருந்தார். நாடே அழியப்போகும் வேளையில், பதினேழு வெள்ளிக் காசு நிறுத்துக் கொடுத்து உறவினரின் நிலத்தை வாங்கினார். சாட்சிகள் கையொப்பமிட்டனர். முத்திரையிட்ட பத்திரத்தையும் திறந்த படியையும் பாரூக்கிடம் கொடுத்து, நெடுநாள் இருக்கும்படி மண்பாண்டத்தில் வைக்கச் சொன்னார். சாட்சி, முத்திரை, இரண்டு பிரதிகள், பொறுப்பாளர், பாதுகாப்பான கலம் ஆகிய ஐந்தும் அங்கே உள்ளன! அவர் அதைத் தமக்காகச் செய்யவில்லை. மக்கள் ஒருநாள் திரும்பி வருவர், அப்போது அவர்களுக்கு இது வேண்டும் என்ற நம்பிக்கையில் செய்தார்.

சென்ற மாதம் அந்த அம்மையார் மீண்டும் வந்தார். முதல் தொகை கிடைத்ததென்று பாடற்பலிக்குக் காணிக்கை கொண்டுவந்திருந்தார். போகும்போது, “அந்த ஓரத்துல எழுதுன சாமி யாருன்னு தெரியுமா? அவருக்கும் ஒரு பூசை வைங்க” என்றார். அப்பதிவின் அடியில் எழுத்துச் சுருக்கம் மட்டுமே இருந்தது, பெயர் தெரியவில்லை. பெயர் அறியாத அக்குருவுக்காகப் பலி ஒப்புக்கொடுத்தோம்.

இவ்விதழை மூடி வைக்குமுன், உங்கள் மேசை இழுப்பறையை ஒருமுறை திறந்து பாருங்கள்.